காற்றும் பித்தளையும் – 11: அடிக்குரல் தேடிய ஆண்டுகள்

சென்ற வாரம் சென்னை ஜார்ஜ் கோட்டை வாசலில் நின்றோம். மணலியில் தங்கியிருந்த முத்துசாமி தீட்சிதர், கோட்டைக்குப் போய் ஆங்கிலேயரின் பேண்டு இசையைக் கேட்டார். அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் அமைத்தார். நோட்டுஸ்வரங்கள் பிறந்தன. தம்பி பாலுசாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். கர்நாடக இசைக் கச்சேரியில் வயலின் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது.

ஒரு கேள்வியோடு அங்கே நிறுத்தியிருந்தோம். தீட்சிதர் கேட்ட அந்தப் பேண்டில் அடிக்குரலை ஊதியது எந்த வாத்தியம்?

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ பேண்டு வாசிப்பவர் யாரையாவது கேட்டால், யோசிக்காமல் "டியூபாதான்" என்பார். தீட்சிதர் கோட்டைக்குப் போன காலத்தில் டியூபா இல்லை. உலகில் எங்குமே இல்லை. அது பிறக்க இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்போது இருந்தது ஒரு பாம்பு.

* * *

சர்ப்பென்ட் என்றே அதற்குப் பெயர். மரத்தாலான எட்டடிக் குழாய். கை எட்ட வேண்டும் என்பதற்காக அதை நெளிநெளியாக வளைத்து, மேலே தோல் சுற்றி ஒட்டியிருப்பார்கள். ஆறு துளைகள். ஊதுவதற்குக் கிண்ணம் போன்ற ஒரு மவுத்பீஸ். பிரான்சின் தேவாலயங்களில் பாடகர்களின் கீழ்ச்சுருதிக்குத் துணையாக வந்த இந்த வாத்தியம், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படைப் பேண்டுகளிலும் சேர்ந்திருந்தது. அடிக்குரலுக்குப் பஸ்ஸூனும் சர்ப்பென்ட்டும்தான் கதி.

இரண்டுமே திறந்த வெளிக்குப் போதவில்லை. அரங்கத்தில் பெரிய தந்தி வாத்தியம் அடிக்குரலைப் பார்த்துக்கொள்ளும். நடந்துகொண்டே வாசிக்கும் படைக்கு அது உதவாது. ஊதும் கருவிதான் வேண்டும்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. குரல் கீழே போகப் போகக் குழாய் நீள வேண்டும். நாகஸ்வரம் இரண்டரை அடி நீளத்தில் தெருவையே நிறைக்கும். ஆனால் அதைவிட மூன்று ஸ்தாயி கீழே இறங்க வேண்டுமென்றால் பதினாறு, பதினெட்டு அடிக் குழாய் தேவை. அத்தனை நீளக் குழாயில் துளை போட்டால், ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடைவெளி முழக்கணக்கில் வரும். எந்த விரல் எட்டும்?

1817இல் பாரிசில் ஹலாரி என்ற கருவித் தொழிலாளர் ஒரு வழி கண்டார். பித்தளைக் குழாயில் பெரிய துளைகள். அவற்றை மூட, நெம்புகோல் வைத்த தோல் மூடிகள். விரல் எட்டாத இடத்தை நெம்புகோல் எட்டியது. ஓஃபிக்ளைடு என்று பெயர் வைத்தார்கள். பெர்லியோஸ் 1830இல் எழுதிய தம் புகழ்பெற்ற சிம்பொனியில் ஓஃபிக்ளைடையும் சர்ப்பென்ட்டையும் சேர்த்தே பயன்படுத்தினார். அதைவிட நல்லது அன்று கைவசம் இல்லை.

ஓஃபிக்ளைடின் குறை அதன் பிறப்பிலேயே இருந்தது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் காற்று ஒவ்வொரு துளை வழியாக வெளியேறும். ஒரு ஸ்வரம் குழாயின் அகன்ற வாய் வழியே கம்பீரமாக வரும்; அடுத்தது பக்கத்துத் துளையில் ஒடுங்கி, மூக்கடைத்துக் கேட்கும். குரல் ஒரே சீராக இருக்காது.

குழாயில் ஒரு துளைகூட இருக்கக் கூடாது. காற்று முழுவதும் கடைசி வாய் வழியாக மட்டுமே வெளியேற வேண்டும். இருந்தும் எல்லா ஸ்வரமும் வர வேண்டும். இதுதான் ஐரோப்பியப் பட்டறைகள் முன் நின்ற புதிர்.

* * *

துளையில்லாத பித்தளைக் குழாயை நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

கொம்பு, எக்காளம், திருச்சின்னம் மூன்றும் அந்த இனம்தான். திருச்சின்னம் வைணவக் கோயில்களின் புறப்பாட்டு வாத்தியம். கொம்பு ஊதுபவரைப் பக்கத்தில் நின்று கவனித்துப் பாருங்கள். விரலுக்கு வேலையே இல்லை. உதட்டை இறுக்கினால் குரல் ஏறும், தளர்த்தினால் இறங்கும். அந்த ஏற்ற இறக்கமும் படிப்படியாகத்தான். ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம், அந்தர காந்தாரம், மீண்டும் பஞ்சமம். இடையில் உள்ள ஸ்வரங்களைக் குழாய் தராது. குழாயின் நீளம் எதுவோ, அதற்குரிய படிகள் மட்டுமே அதில் குடியிருக்கும்.

ஐரோப்பியரின் பழைய எக்காளத்துக்கும் இதே விதி. தீட்சிதர் கேட்ட மெட்டுகள் சங்கராபரணத்தின் சாயலில் வந்து விழுந்ததற்கு இந்த விதியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஷட்ஜம், காந்தாரம், பஞ்சமம் என்ற மூன்று படிகளில் ஏறி இறங்கும் மெட்டுகள், பித்தளைக் குழாய்க்கு இயல்பாகவே வாய்த்தவை.

செய்முறையிலும் வேறுபாடு குறைவு. தகட்டை அளவுக்கு வெட்டுவது, உருட்டி விளிம்புகளைப் பற்றவைப்பது, சுத்தியலால் தட்டி அகலமாக்குவது, தட்டத் தட்ட இறுகும் உலோகத்தை நெருப்பில் காட்டி மறுபடி இளக்குவது. நம் கன்னாரும் இதைச் செய்தார், பெர்லின் தொழிலாளியும் இதைத்தான் செய்தார். இரண்டு இடத்திலும் குழாயை வளைக்கும்போது நசுங்காமல் இருக்க உள்ளே எதையாவது உருக்கி ஊற்றி நிரப்ப வேண்டும். வளைத்த பின் மறுபடி உருக்கி வெளியே எடுக்க வேண்டும்.

ஆக, கூம்பாக விரியும் பித்தளைக் குழாய் என்ற பாதி டியூபா நம்மிடம் நூற்றாண்டுகளாகவே இருந்தது. மற்றப் பாதியைத் தேடி இப்போது சிலேசியாவுக்குப் போக வேண்டும்.

* * *

சிலேசியா அன்றைய பிரஷ்ய அரசின் சுரங்க நாடு. அங்கே ஹைன்ரிக் ஸ்டோல்செல் ஒரு பிரபுவின் இசைக்குழுவில் ஹார்ன் ஊதினார். ஃபிரெடரிக் பிளூமெல் சுரங்கப் பகுதிப் பேண்டு ஒன்றில் வாசித்தார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஒரே யோசனை வந்தது. யாருக்கு முதலில் வந்தது என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை.

குழாயின் நீளம்தான் குரலைத் தீர்மானிக்கிறது என்றால், வாசிக்கும்போதே நீளத்தை மாற்றினால் என்ன?

குழாயோடு ஒரு துணைக்குழாயை இணைத்து வைப்பது. சாதாரண நேரத்தில் காற்று அதைத் தொடாமல் நேரே போகும். ஒரு பொத்தானை அழுத்தினால் பாதை மாறி, துணைக்குழாய் முழுவதையும் சுற்றிவிட்டுத் திரும்ப வரும். ரயில் தண்டவாளத்தில் ஒரு நெம்புகோலை இழுத்ததும் வண்டி கிளைப் பாதையில் ஏறிக்கொள்வதுபோல. நீளம் கூடுகிறது, குரல் இறங்குகிறது. விரலை எடுத்தால் பழைய நீளம்.

1818இல் இருவரும் சேர்ந்து பெர்லினில் காப்புரிமை பெற்றார்கள். வால்வு பிறந்துவிட்டது.

சின்ன வாத்தியங்களில் அது விரைவாக ஏறிக்கொண்டது. அடிக்குரலுக்கு வந்து சேர இன்னும் பதினேழு ஆண்டுகள் பிடித்தன. அதைக் கொண்டுவந்தவர் வில்ஹெல்ம் வீப்ரெக்ட். பிரஷ்யக் காவற்படைகளின் பேண்டுகளைச் சீரமைத்துக்கொண்டிருந்த இவருக்கு, தம் பேண்டின் அடிக்குரல் பொறுக்கவில்லை. மோரிட்ஸ் என்ற பெர்லின் பட்டறைக்காரரோடு உட்கார்ந்தார். பன்னிரண்டடி நீளக் கூம்புக் குழாய். ஐந்து வால்வுகள். பக்கத்தில் ஒரு துளைகூடக் கிடையாது.

1835 செப்டம்பர் 12. 'பாஸ் டியூபா'வுக்குப் பிரஷ்ய அரசு காப்புரிமை வழங்கியது.

இந்தத் தேதியை எழுதும்போது எனக்கு இன்னொரு தேதியும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. அதே 1835, அக்டோபர் 21, தீபாவளி நாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தென்கிழக்கே, அன்றைய திருநெல்வேலிச் சீமையின் எட்டயபுரத்தில் முத்துசாமி தீட்சிதர் காலமானார். ஆறு வாரம்கூட இடைவெளி இல்லை. பேண்டு இசையைத் தம் இசைக்குள் எடுத்துக்கொண்ட அந்த மேதை, பேண்டுக்கு உண்மையான அடிக்குரல் கிடைத்ததைக் கேள்விப்படாமலே போனார்.

* * *

வீப்ரெக்டின் வால்வு அகலமான, குட்டையான உருளை. வேலை செய்தது, ஆனால் உள்ளே காற்று கூர்மையான திருப்பங்களில் முட்டி மோத வேண்டியிருந்தது. அதே 1835இல் வியன்னாவில் ஜோசப் ரீடில் சுழலும் வால்வுக்குக் காப்புரிமை வாங்கினார். ஜெர்மானிய, ஆஸ்திரியப் பட்டறைகள் பெரும்பாலும் அந்தப் பக்கம் சாய்ந்தன.

1839இல் பாரிசில் ஃபிரான்சுவா பெரினே மூன்றாவது வழியைத் திறந்தார். மேலும் கீழும் ஓடும் ஒல்லியான பிஸ்டன். காற்று நுழையும் துளையும் வெளியேறும் துளையும் வெவ்வேறு உயரத்தில். திருப்பங்கள் மென்மையாயின. இன்று உலகம் முழுக்க 'பிஸ்டன் வால்வு' என்று சொன்னால் அது பெரினேயின் வால்வுதான்.

அதைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் அருமை தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் மூத்த பேண்டு மாஸ்டர் ஒருவர், முகூர்த்தமில்லாத ஒரு நாளில் தம் யூபோனியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். டியூபாவின் தம்பி அது. பாதி நீளம், அதே அமைப்பு. மேல்மூடியைத் திருகி, பிஸ்டனை நேராக மேலே இழுத்தார். விரல் நீள உலோக உருளை. அதன் உடம்பில் குறுக்காக மூன்று சுரங்க வழிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வில். பிஸ்டன் மேலே நிற்கும்போது ஒரு வழி மட்டும் குழாயோடு சேரும். காற்று நேரே போகும். அழுத்தியதும் மற்ற இரண்டு வழிகளும் துணைக்குழாயின் இரு முனைகளோடு பொருந்தும். ஒன்று போக, ஒன்று வர.

"இது முதல் நம்பர் தம்பி. இதை ரெண்டாம் நம்பர் கூட்டுல போட்டா ஊதிப் பாருங்க, காத்தே போகாது" என்றார். பிஸ்டனில் எண் வெட்டியிருந்தது. ஒவ்வொரு பிஸ்டனும் தன் கூட்டுக்கென்றே தேய்த்துப் பொருத்தப்பட்டது.

பிறகு ஒரு சோதனை காட்டினார். வால்வைத் தொடாமல், அதன் துணைக்குழாயின் ஸ்லைடை மெல்ல வெளியே இழுத்தார். சற்றுப் பொறுத்தார். பொத்தானை அழுத்தினார். 'டப்' என்று ஒரு சத்தம். உள்ளே காற்று கசியவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. சத்தம் வராவிட்டால் பிஸ்டன் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அடிக்குரல் முதலில் போகும்.

பிஸ்டனுக்கும் கூட்டுக்கும் இடையே இருக்க வேண்டிய சந்து, மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. கூடினால் காற்று ஒழுகும். குறைந்தால் பிஸ்டன் சிக்கும். நூற்பாலைகளின் ஊரான ராஜபாளையத்தில் ஸ்பிண்டில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த அளவின் பொருளை விளக்க வேண்டியதில்லை. கொம்பு செய்த கன்னாருக்கும் டியூபாவுக்கும் நடுவே நின்றது இந்தச் சந்துதான். சுத்தியலாலும் நெருப்பாலும் அடைய முடியாத அளவு அது. துல்லியமாகக் கடைய இயந்திரம் வேண்டும்.

நம்மவர்கள் பின்தங்கியதால் வால்வு இங்கே பிறக்கவில்லை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கொம்புக்கு வால்வு தேவைப்படவில்லை. புறப்பாட்டை அறிவிப்பது அதன் வேலை. ராகம் பாடுவது நாகஸ்வரத்தின் வேலை. நாகஸ்வரத்தில் உதடும் விரலும் மூச்சும் சேர்ந்து ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு இழைந்து போகும். வால்வு அந்த இழைவை வெட்டிவிடும். அது படிக்குப் படி தாவும். நம் இசை கேட்காத ஒன்றை நம் பட்டறைகள் எதற்காகத் தேட வேண்டும்?

* * *

இப்போது ஓர் ஒன்பது அங்குலக் குறையின் கதை.

பேண்டுகளின் பெரிய பி-ஃபிளாட் டியூபாவில் சுற்றியிருக்கும் குழாயை நீட்டினால் சுமார் பதினெட்டு அடி. மூன்று வால்வுகள். இரண்டாவது வால்வு குரலை ஒரு ஸ்வரஸ்தானம் இறக்கும். அதற்குத் துணைக்குழாய் சுமார் பதின்மூன்று அங்குலம். முதல் வால்வு இரண்டு ஸ்தானம். இரண்டடி இரண்டு அங்குலம். மூன்றாவது, மூன்று ஸ்தானம். மூன்றடி ஐந்து அங்குலம்.

மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஆறு ஸ்தானம் இறங்க வேண்டும் அல்லவா? இறங்காது.

காரணம் எளிது. ஒவ்வொரு துணைக்குழாயும் பதினெட்டு அடிக் குழாயை மனதில் வைத்து அளந்தது. ஒரு வால்வை அழுத்தியதுமே குழாய் பதினெட்டு அடியாக இல்லை; நீண்டுவிட்டது. நீண்ட குழாயை மேலும் ஒரு ஸ்தானம் இறக்க, முன்பைவிட அதிக நீளம் வேண்டும். ஆறு ஸ்தானம் இறங்க ஏழடி ஐந்தரை அங்குலம் தேவை. மூன்று வால்வும் சேர்ந்து கொடுப்பது ஆறடி எட்டு அங்குலம். ஒன்பது அங்குலத்துக்கு மேல் பற்றாக்குறை. சுருதி கூடிவிடும், அபஸ்வரம்.

சின்ன டிரம்பெட்டில் இந்தக் குறை மிகச் சிறியது. உதட்டாலும் ஸ்லைடாலும் சரிக்கட்டிவிடலாம். டியூபாவில் முடியாது. பேண்டு முழுவதும் எதன்மேல் நிற்கிறதோ அந்த அடிக்குரலே சுருதி தப்பினால், மேலே எத்தனை பேர் சுத்தமாக வாசித்தாலும் கேட்கச் சகிக்காது.

இதற்குத் தீர்வு சொன்னவர் லண்டனின் பூசி நிறுவனத்தில் இருந்த டேவிட் ஜேம்ஸ் பிளைக்லி. ஆண்டு 1874. அவர் செய்தது வெறும் கணக்கு வேலை. ஆனால் அழகான கணக்கு. கடைசி வால்வை அழுத்தியதும் அதன் துணைக்குழாயைச் சுற்றி வந்த காற்று, மற்ற வால்வுகளுக்குள் மறுபடியும் ஒரு முறை நுழையும்படி பாதை அமைத்தார். அங்கே ஒவ்வொன்றிலும் குட்டித் துணைக்குழாய் ஒன்று காத்திருக்கும். குறைந்த அங்குலங்களை அது கொடுத்துவிடும். வாசிப்பவர் எதையும் கூடுதலாகச் செய்ய வேண்டாம். தேவைப்படும்போது மட்டும் வாத்தியம் தானே தன்னைத் திருத்திக்கொள்ளும்.

விலையும் உண்டு. பிஸ்டனில் இன்னும் அதிகச் சுரங்க வழிகள். எடை கூடுகிறது. காற்று அதிகத் திருப்பங்களைக் கடக்க வேண்டியிருப்பதால், கீழ் ஸ்வரங்களில் மூச்சு சற்று முட்டுவதை வாசிப்பவர் உணர்வார். சுருதியா, தாராளமான காற்றோட்டமா? டியூபா செய்யும் ஒவ்வொரு பட்டறையும் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு இடத்தைத் தேர்ந்துகொள்கிறது. பிரிட்டிஷ் பேண்டுகள் பிளைக்லி பக்கம் நின்றன. அமெரிக்கர்கள் காற்றோட்டத்தின் பக்கம் நின்றார்கள். நான்காவது வால்வு, ஐந்தாவது வால்வு என்று கூட்டி, ஸ்லைடை இடது கையால் இழுத்துச் சுருதி சேர்த்தார்கள்.

* * *

அமெரிக்கா என்றதும் 1933க்கு வந்தே ஆக வேண்டும்.

பிலடெல்பியா இசைக்குழுவின் இயக்குநர் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கிக்குத் தேவாலய ஆர்கனின் அடிக்குரல் போன்ற ஒரு டியூபா வேண்டியிருந்தது. மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ரேபிட்ஸ் நகரில் இருந்த யார்க் பட்டறை, நான்கு பிஸ்டன்களும் ஒரு சுழல் வால்வும் கொண்ட பெரிய டியூபாவைச் செய்தது. இரண்டே இரண்டு.

குழுவின் டியூபா கலைஞர் டொனாடெல்லிக்கு அதை வசதியாகப் பிடிக்க முடியவில்லை. தம் மாணவர் ஆர்னால்ட் ஜேக்கப்சுக்கு ஒன்றை 175 டாலருக்குக் கொடுத்துவிட்டார்.

அந்த மாணவர் 1944இல் சிகாகோ சிம்பொனி இசைக்குழுவில் சேர்ந்து 1988 வரை வாசித்தார். இருபதாம் நூற்றாண்டின் மிகப் புகழ்பெற்ற டியூபா கலைஞர் அவரே. அவர் மடியில் இருந்தது அந்த யார்க்.

அதில் அப்படி என்ன இருந்தது?

டியூபா வாசிப்பின் பெரிய சங்கடம், குரல் எழும் நேரம். உதட்டில் எழுந்த அதிர்வு பதினாறு அடியோ பதினெட்டு அடியோ ஓடி, வாயில் மோதித் திரும்ப உதட்டுக்கு வர வேண்டும். ஒரு சுற்றுக்கே நொடியில் சுமார் முப்பதில் ஒரு பங்கு ஆகிவிடும். இப்படிச் சில சுற்றுகள் ஓடிய பிறகுதான் குரல் நிலைகொள்ளும். அதற்குள் டிரம்பெட் அடுத்த ஸ்வரத்துக்குப் போயிருக்கும். நல்ல டியூபாவில் இந்தத் தாமதம் உறுத்தாது. உதடு தொட்டதும் குரல் திறக்கும். மட்டமான டியூபாவில் வாசிப்பவர் காற்றைத் தள்ளித் தள்ளிக் களைத்துப்போவார். கீழ் ஸ்வரமும் மேல் ஸ்வரமும் ஒரே நிறத்தில் ஒலிப்பது, மென்மையாக ஊதினாலும் கடைசி வரிசைக்குக் கேட்பது, அழுத்தி ஊதினாலும் உடையாதிருப்பது, இவையெல்லாம் அந்த யார்க்கில் சேர்ந்து வந்தன என்பது வாசித்தவர்களின் சாட்சியம்.

ரகசியம் கூம்பில்தான். மவுத்பீஸிலிருந்து பெல் என்னும் அகன்ற வாய் வரை குழாய் எந்த இடத்தில் எவ்வளவு விரிகிறது என்பதே வாத்தியத்தின் ஜாதகம். பிஸ்டன் பகுதியில் குழாய் நேர் உருளையாக இருந்தே ஆக வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் கூம்பு. இந்த இரண்டு இணைப்புகளையும் காற்று உணராதபடி செய்வதில்தான் கைவினை இருக்கிறது. கையால் தட்டிய பெல்லின் மெல்லிய தகடு குரலுக்கு உயிர் தருகிறது என்பது பட்டறைக்காரர்களின் நம்பிக்கை. வடிவம்தான் முக்கியம், தகட்டின் பங்கு சிறிது என்கிறார்கள் இயற்பியலாளர்கள். எனக்கு இயற்பியலாளர் சொல்வதே சரியாகப் படுகிறது. ஆனால் அந்த வடிவத்தைக் கொண்டுவருவதே சுத்தியல் பிடித்த கைதானே.

பாரிசின் பெசோன் பட்டறை 1856இலேயே கூம்பு வடிவ எஃகு அச்சுகளின்மேல் குழாய்களைத் தீட்டி, ஒரே அளவில் திரும்பத் திரும்பச் செய்யும் வழியைக் கண்டிருந்தது. அப்படியும் யார்க்கை நகலெடுப்பது லேசாக இல்லை. சுவிட்சர்லாந்தின் ஹிர்ஸ்புருன்னர் குடும்பப் பட்டறை அதை அங்குலம் அங்குலமாக அளந்து ஒரு டியூபாவை உருவாக்கியது. ஜப்பானின் யமஹாவும் செய்தது. இரண்டும் உயர்ந்த வாத்தியங்கள். ஆனால் யார்க் பட்டறை இன்று இல்லை. அது செய்த அந்த இரண்டு டியூபாக்கள் இருக்கின்றன.

* * *

நம் பக்கம் திரும்புவோம். இந்தியாவில் எங்கு போனாலும் பேண்டுகளில் பிஸ்டனே கண்ணில் படுகிறது. சுழல் வால்வு அரிது. ஏன்?

முதல் காரணம் ஆட்சி. பாரிசின் அடால்ஃப் சாக்ஸ் தம் சாக்ஸ்ஹார்ன் வாத்தியக் குடும்பத்தில், வீப்ரெக்டுடையதைப் போன்ற குட்டைப் பிஸ்டனைப் பொருத்தினார். 1844இல் டிஸ்டின் என்ற ஆங்கிலேய இசைக் குடும்பம் பாரிசில் அவற்றைக் கண்டு மயங்கி, தம் நாட்டுக்கு எடுத்துப் போனது. பிரிட்டன் பிஸ்டன் நாடானது. பிரிட்டனின் படைகளும் மிஷன்களும் போன இடமெல்லாம் பிஸ்டன் போயிற்று.

இரண்டாவது காரணம் புழுதி. வீதியில் வாசிக்கும் வாத்தியத்துக்குள் மண் போகும், வியர்வை போகும். பிஸ்டனை வாசிப்பவரே திருகிக் கழற்றி, துணியால் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி போட்டுவிடலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பேண்டு மாஸ்டர் என் கண் முன்னே செய்து முடித்தது அதைத்தான். சுழல் வால்வைக் கழற்றுவது அத்தனை எளிதல்ல. பழகிய கை வேண்டும்.

மூன்றாவது காரணம் இரட்சணிய சேனை. 1878இல் சாலிஸ்பரியில் ஃப்ரை என்பவரும் அவருடைய மகன்களும் தெருப் பிரசங்கத்துக்குத் துணையாகப் பித்தளை வாத்தியம் ஊதினார்கள். சேனையின் பேண்டு மரபு அங்கிருந்து வளர்ந்தது. 1882இல் ஃபிரெடரிக் டக்கர் தலைமையில் சேனை பம்பாயில் இறங்கியது. நாகர்கோவில் அதன் தென்னக மையங்களில் ஒன்றாயிற்று. தன் பேண்டுகளுக்கான வாத்தியங்களைச் சேனையே இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸில் தொழிற்சாலை வைத்துச் செய்துகொண்டது.

ஆனால் எல்லாமே கப்பலில் வந்தவை. படைக்கும் மிஷனுக்கும் கட்டுப்படியாகும். கல்யாண ஊர்வலத்துக்கு வாசித்துப் பிழைக்கும் பேண்டுக்காரர் லண்டன் டியூபாவுக்கு எங்கே போவார்?

1885இல் வடக்கே மீரட்டில், படைப் பேண்டோடு பழகிய நாதிர் அலியின் பெயரில் ஒரு நிறுவனம் எழுந்தது. ஜாலி கோட்டி என்ற வட்டாரம், பின்னாளில் நாட்டுக்கே பேண்டு வாத்தியம் செய்து கொடுக்கும் பட்டறைத் தெருவாக மாறப்போகிறது. நூறில் சில பங்கு மில்லிமீட்டர் இடைவெளியை, லண்டனின் இயந்திரங்கள் இல்லாமல் அந்தக் கைகள் எப்படிப் பிடித்தன என்பது அடுத்த வாரக் கதையில் பாதி.

மறுபாதி அதைவிடச் சிக்கலானது. மேற்கத்திய இசையில் டியூபாவுக்கு வேலை தெளிவாக இருந்தது. மேலே மெட்டு, கீழே அதற்குத் துணைநிற்கும் தனி அடிக்குரல் வரிசை. நம் இசையில் அப்படி ஒரு வரிசையே கிடையாது. ஒத்து சுருதியைப் பிடிக்கும், தவில் தாளத்தைப் பிடிக்கும், நாகஸ்வரம் ராகத்தைப் பாடும். மூவருக்கும் கீழே நான்காவதாக ஓர் ஆளுக்கு இடம் எங்கே?

பதினெட்டு அடிப் பித்தளைக் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு ராஜபாளையத்து மாப்பிள்ளை அழைப்பில் நடந்த முதல் மனிதர், அதில் எதை வாசித்தார்?

(தொடரும்)